வேலியும் வெளியும்

இலண்டன் மாநகரின் வடகிழக்கே எப்பிங் என்ற பெயர் கொண்ட காடொன்று உண்டு. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 6,000 ஏக்கர். 1882ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், அக்காட்டிலே ஹை பீச் என்னும் மேட்டு நிலத்தில் மக்கள் பெருந்திரளாகக் கூடியிருந்தனர். விக்டோரியா மகாராணி ஆங்கு வந்து, அக்காடு எக்காலத்துக்கும் பொதுமக்களின் அனுபவத்துக்கு உரியதென அறிவித்தார். அரச குடும்பத்தின் பெருந்தன்மைக்குச் சான்றாக இந்நிகழ்ச்சியை எடுத்துக் கூறுவோர் பலர். ஆனால், வழங்கப்பட்ட பொருள் யாருடையது, அதனை மீட்டவர் யாவர், மீட்பதற்கான பணம் எவர் கையிலிருந்து வந்தது என்னும் மூன்று வினாக்களை எழுப்பி விடை காண முற்படின், அரசியின் அறிவிப்புக்குப் பின்னே மறைந்து கிடக்கும் வேறொரு வரலாறு வெளிப்படும்.

நகரங்கள் பெருகி, வயலும் தோட்டமும் மேய்ச்சற்றரையும் கட்டடங்களுக்கு இரையாகிவரும் இக்காலத்திலே, எஞ்சியுள்ள வெளிகளைப் பொதுப் பணங்கொண்டு காக்க வேண்டும் என்ற கோரிக்கை உலகின் பல பாகங்களிலும் எழுந்துள்ளது. அது நியாயமான கோரிக்கையே. எனினும், வாங்கப்படும் நிலம் முன்னர் எவ்வாறு மக்களின் கைவிட்டுப் போயிற்று என்பதையும், வாங்கிய பின் அது யாருக்குப் பயன்படுகின்றது என்பதையும் ஆராயாது விடின், அக்கோரிக்கை அரைகுறையாகவே நின்றுவிடும். இங்கிலாந்தின் வரலாறு இவ்விடயத்திற் கற்பிப்பன பல. நமது நாட்டின் காணிச் சட்டங்களுக்கு அடித்தளமிட்டவர்களும் அந்நாட்டு ஆட்சியாளரே என்பது, இவ்வரலாற்றை நாம் கற்க வேண்டியதற்கு இன்னொரு காரணமாகும்.

நிலமானிய அமைப்பு நிலவிய காலத்திலே இங்கிலாந்தின் கிராமம் ஒவ்வொன்றிலும் பயிரிடப்படாத வெளியோ காடோ இருந்தது. அதன் உரித்து, பெயரளவில், பண்ணைப் பிரபுவைச் சார்ந்ததாகும். ஆயின், அதிலே மாடு மேய்க்கவும், பன்றியை விடவும், விறகு பொறுக்கவும், புற்கரி வெட்டவும் குடியானவர்க்கு உரிமை இருந்தது. இவ்வுரிமைகள் பிரபுவின் இரக்கத்தால் வந்தவையல்ல. தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வந்த வழக்கத்தாலே நிலைபெற்றவை. நமது ஊர்களிலே தரவையும் குளக்கரையும் எவ்வாறு பலருக்கும் பொதுவாக விளங்கினவோ, அவ்வாறே அந்நிலங்களும் விளங்கின. நிலமற்ற ஏழைக்கு ஒரு பசுவும் ஒரு கட்டு விறகும் அளித்து, முற்றாகக் கூலியாளாகிவிடாது அவனைக் காத்து நின்றது இப்பொதுநிலமே எனலாம்.

இந்நிலத்தை வேலியடைத்துத் தனியுடைமையாக்கும் முயற்சி நெடுங்காலமாகவே நடந்து வந்தது. முதலில் ஆட்டு மயிரின் விலையும், பின்னர்த் தானியத்தின் விலையும் பிரபுக்களை அதற்குத் தூண்டின. 1604ஆம் ஆண்டிற்கும் 1914ஆம் ஆண்டிற்கும் இடையில் 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அவற்றால் அடைக்கப்பட்ட நிலம் 68 இலட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. சட்டம் இயற்றிய சபையிலே பெரும்பான்மையாக வீற்றிருந்தோரும் நிலவுடைமையாளரே. வேலியே பயிரை மேய்ந்தது என்ற நம் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறு கிடைப்பது அரிது. உழவரை நிலத்தினின்றும் பிரித்து ஆலைத் தொழிலாளராக்கிய இச்செயல்முறையை, மூலதனத்தின் தொடக்கத் திரட்சியில் முக்கியமான அத்தியாயமாகக் கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியான தமது நூலில் விரித்துரைத்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேலியடைப்பின் நோக்கம் மாறியது. புகையிரதப் பாதைகள் இலண்டனைச் சுற்றி நாற்றிசையும் பரவின. நகருக்கு அண்மையிலிருந்த பொதுநிலங்கள் விளைநிலமாக அன்றி, வீடு கட்டும் மனைகளாக மதிக்கப்படலாயின. 1845ஆம் ஆண்டின் சட்டம், வேலியடைக்கும்போது ஏழைகளுக்குத் தோட்ட நிலமும் பொதுமக்களுக்குப் பொழுதுபோக்கு நிலமும் ஒதுக்கலாம் எனக் கூறியது. நடைமுறையில் ஒதுக்கப்பட்டது எவ்வளவு என்பதை 1869ஆம் ஆண்டுச் சட்டமூலம் ஒன்றே காட்டிவிடும். ஏறத்தாழ 7,000 ஏக்கரை அடைக்க அனுமதி கோரிய அம்மூலத்தில், பொழுதுபோக்குக்கென 3 ஏக்கரும், ஏழைகளின் தோட்டத்துக்கென 6 ஏக்கருமே குறிக்கப்பட்டிருந்தன. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியரும் கட்பார்வையற்றவருமான ஹென்றி போசெற் பாராளுமன்றத்தில் எழுந்து இதனை எதிர்த்து நின்றமையாலே, அந்தப் பகற்கொள்ளை தடைப்பட்டது.

எப்பிங் காட்டுக்கு நேரவிருந்த கதி யாது என்பதை அதன் அயலிலிருந்த ஹெய்னோல்ற் காடு முன்னரே அறிவித்திருந்தது. 1851இல் சட்டமொன்றின் மூலம் அக்காட்டின் அரச காட்டு நிலை நீக்கப்பட்டது. நீராவி இயந்திரங்கள் கொண்டுவரப்பட்டு, நூற்றாண்டுகள் வாழ்ந்த மரங்கள் சில வாரங்களுள் வேரோடு பறிக்கப்பட்டன. இதன்பின் எப்பிங் காட்டிலும் முடிக்கு இருந்த உரிமைகளை ஏக்கருக்கு ஏறத்தாழ 5 பவுண் விலைக்கு அரசாங்கம் பிரபுக்களுக்கு விற்கத் தொடங்கியது. முடியின் உரிமை நீங்கியதும் பிரபுக்கள் வேலிகளை நாட்டினர். இருபது ஆண்டுகளில் காட்டின் பாதியளவு வேலிக்குள் அடங்கிற்று.

அக்காட்டின் ஓரத்தில் லவுட்டன் என்னும் கிராமம் உள்ளது. குளிர்காலத்தில் மரங்களின் கொப்புகளைத் தறித்து விறகாக்கும் உரிமை அவ்வூர் மக்களுக்கு இருந்தது. நவம்பர் மாதம் 11ஆம் நாள் நள்ளிரவில் ஊரவர் சென்று முதற் கொப்பைத் தறித்தாலன்றி அவ்வுரிமை அற்றுப்போகும் என்பது அவர்களின் நம்பிக்கை. லவுட்டனின் பிரபுவாகவும் பாதிரியாராகவும் விளங்கிய ஜோன் மெயிற்லண்ட் 1,000 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை அடைத்தார். தோமஸ் வில்லிங்கேல் என்ற முதிய தொழிலாளி வேலியைப் பொருட்படுத்தாது தம் வழக்கப்படி கொப்புத் தறித்தார். 1866இல் அவருடைய மகனும் உறவினரும் அத்துமீறியோர் எனத் தண்டிக்கப்பட்டுச் சிறையிலிடப்பட்டனர். முன்னோர் செய்துவந்த தொழிலைச் செய்ததே அவர்கள் செய்த குற்றம்.

இவ்வேளையிலேதான் நடுத்தர வகுப்பினரின் துணை அவர்களுக்குக் கிடைத்தது. 1865இல் ஜோர்ஜ் ஷோ லெபேவர் என்னும் பாராளுமன்ற உறுப்பினரின் முயற்சியால் பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. தத்துவஞானி ஜோன் ஸ்ருவட் மில் முதலியோர் அதில் ஈடுபட்டனர். சட்டத்தரணி றொபேட் ஹன்ரர் அதன் வழக்குகளை நடத்தினார். காட்டின் அழகும் நகரத்தாரின் உடல்நலமும் இவர்களின் முதன்மையான கவலையாகும். விறகு பெறும் ஏழையின் உரிமை, அவ்வழகைக் காப்பதற்கு ஏற்ற ஆயுதமாக அவர்களுக்கு உதவியது. வில்லிங்கேலின் பெயரால் சங்கம் வழக்குத் தொடுத்தது. முதியவரோ அயலில் வேலையின்றியும் வீடின்றியும் அல்லற்பட்டு, தீர்ப்பைக் காணாமலே 1870இல் மறைந்தார். வழக்கும் அவரோடு முடிவுற்றது.

நீதிமன்றத்திற்கு வெளியிலும் போராட்டம் நிகழ்ந்தது. 1866 மார்ச் மாதத்தில் ஓரிரவு, இலண்டனிலிருந்து தனிப் புகையிரதத்திற் சென்ற 120 கூலியாட்கள் பேர்க்கம்ஸ்ரெட் பொதுநிலத்தில் பிரவுண்லோ பிரபு நாட்டிய இரும்பு வேலியைப் பொழுது விடியுமுன் பிடுங்கி அடுக்கினர். இது முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் செலவில் நடந்த செயல். 1871 யூலை 8ஆம் நாள் நடந்ததோ வேறுவகை. கிழக்கிலண்டனின் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வொன்ஸ்ரெட் வெளியிற் கூடி, ஆங்கு நாட்டப்பட்டிருந்த வேலிகளைத் தாமே தகர்த்தெறிந்தனர். ஆலைப் புகையிலும் நெருக்கமான குடியிருப்புகளிலும் வாழ்ந்த அம்மக்களுக்கு ஞாயிறு தோறும் காற்று வாங்க வேறிடம் இருக்கவில்லை. அதே ஆண்டில் இலண்டன் மாநகரசபை இவ்வழக்கைக் கையேற்றது. மக்களின் கொந்தளிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை எனக் கருதுவது கடினம்.

மாநகரசபைக்கு வழக்காடும் தகுதி கிடைத்த விதம் விந்தையானது. நகரின் இறந்தோரைப் புதைக்க அச்சபை எப்பிங் காட்டின் தெற்கெல்லையில் முன்னரே நிலம் வாங்கியிருந்தது. அந்நிலத்தோடு காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் சேர்ந்து வந்தது. காட்டுமாடு பண்ணை எல்லை அறியாது எங்கும் மேயுமாதலால், ஓரிடத்தில் உரிமையுடையவர் முழுக்காட்டிலும் உரிமையுடையவரே என மாநகரசபை வாதிட்டது. 1874 நவம்பரில் நீதிபதி ஜோர்ஜ் ஜெசெல் அவ்வாதத்தை ஏற்று, வழக்குக்கு முந்திய 20 ஆண்டுகளில் நிகழ்ந்த வேலியடைப்புகள் சட்டத்துக்கு மாறானவை எனத் தீர்ப்பளித்தார். 1878ஆம் ஆண்டின் எப்பிங் காட்டுச் சட்டம் மாநகரசபையையே காட்டின் காப்பாளராக்கியது. அரசியின் வருகை இதற்குப் பின் நான்கு ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த சடங்கு மட்டுமே.

இனிப் பணத்தின் கதையைக் காண்போம். இலண்டன் துறைமுகத்தில் இறங்கும் தானியத்தை அளந்து கட்டணம் பெறும் பழைய உரிமை மாநகரசபைக்கு இருந்தது. 1872இல் அவ்வுரிமைக்குப் பதிலாக, இறக்குமதியாகும் தானியத்தின்மீது அந்தருக்கு ஒரு பென்னியின் 16இல் 3 பங்கு என 30 ஆண்டுகளுக்கு ஒரு தீர்வை விதிக்கப்பட்டது. அதன் வருமானம் இலண்டனின் அயலிலுள்ள திறந்த வெளிகளைக் காப்பதற்கே செலவிடப்பட வேண்டும் எனச் சட்டம் விதித்தது. எப்பிங் காட்டின் பிரபுக்களிடமிருந்து அவர்களின் உரித்தை வாங்கியதும், பேர்ணம் பீச்சஸ் முதலிய வேறு வெளிகளை வாங்கியதும் இப்பணத்தைக் கொண்டே. தீர்வையின் அளவு இம்மியளவுதான். எனினும் அது உணவின்மீது விதிக்கப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. கிழக்கிலண்டனின் தொழிலாளி, தான் உண்ட பாண் ஒவ்வொன்றிலும் ஒரு துளியைக் காட்டுக்காகக் கொடுத்தான். சட்டத்துக்கு மாறாக வேலியடைத்த பிரபுவோ தன் உரித்துக்கு விலை பெற்றான்.

லவுட்டன் மக்களின் கொப்புத் தறிக்கும் உரிமைக்கு என்ன நேர்ந்தது? எந்த உரிமையின் பெயரால் போராட்டம் தொடங்கியதோ, அவ்வுரிமையை 1878ஆம் ஆண்டின் சட்டமே ஒழித்துவிட்டது. மரங்களைத் தறிப்பது காட்டின் அழகுக்குக் கேடெனக் கருதப்பட்டது. இழப்பீடாக 7,000 பவுண் வழங்கப்பட, அதைக்கொண்டு லவுட்டனில் 1884இல் ஒரு மண்டபம் எழுப்பப்பட்டது. கொப்புத் தறிப்பின் பெயரையே தாங்கி நிற்கும் அம்மண்டபம் வாசிப்புக்கும் கூட்டங்களுக்கும் பயன்பட்டது. நல்ல காரியமே. ஆயினும், குளிர்காலத்தில் அடுப்பெரிக்கும் விறகுக்கு அது ஈடாகுமா? நிலம் காக்கப்பட்டது. அந்நிலத்தால் வாழ்ந்தவனின் வாழ்க்கை காக்கப்படவில்லை.

இயற்கையும் இதனைச் சுட்டிக் காட்டாமல் விடவில்லை. எப்பிங்கின் தனித்தோற்றம் நூற்றாண்டுகளாகக் கொப்புத் தறித்த கைகளின் ஆக்கம். தறிப்பு நின்றதும் பழைய மரங்கள் கவடு பெருத்து, நிழலடர்ந்து, கீழே புல்லும் பூண்டும் அருகின. அக்காட்டின் அருகே வோல்தம்ஸ்ரோவில் 1834இற் பிறந்த கவிஞரும் சோஷலிசவாதியுமான வில்லியம் மொறிஸ், 1895இல் அக்காட்டின் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதினார். பிற்காலத்தில் காப்பாளர்கள் சில பகுதிகளில் கொப்புத் தறிப்பையும் மாடு மேய்ப்பையும் மீண்டும் தொடங்க நேர்ந்தது. உழைப்பாளியை வெளியேற்றிவிட்டு அவனது உழைப்பின் விளைவை மட்டும் காட்சிப்பொருளாக வைத்திருக்க முடியாது என்பதை அக்காடே உணர்த்திவிட்டது.

பொதுப் பணத்திற்கும் பொது உரிமைக்கும் இடையேயுள்ள தொடர்பை ஹம்ஸ்ரெட் மேட்டின் வரலாறு இன்னும் தெளிவாக்கும். பொது உரிமைகள் நிலவிய ஏறத்தாழ 220 ஏக்கர் கொண்ட அம்மேட்டை 1871இல் மாநகரப் பொதுவேலைச் சபை 45,000 பவுணுக்கு வாங்கியது. அதனை அடுத்திருந்த வயல்வெளியை 1889இல் வாங்கியபோது ஏறத்தாழ 3 இலட்சம் பவுண் செலவாயிற்று. பரப்பில் அத்துணை வேறுபாடில்லை. முன்னைய நிலத்தில் குடிகளின் உரிமை உயிரோடிருந்தமையால் பிரபு அதில் வீடு கட்ட இயலாது. ஆகவே விலை தாழ்ந்தது. பின்னையது தடையற்ற தனியுடைமை; ஆகவே மனை விலை கொடுக்க நேர்ந்தது. உரிமை இறந்த இடத்தில் திறைசேரி முழு விலையும் செலுத்த வேண்டும். ஹெய்னோல்றின் கதையும் அவ்வாறே முடிந்தது. 1851இல் அழிக்கப்பட்ட காட்டின் நிலத்தில் ஏறத்தாழ 800 ஏக்கரை இலண்டன் கவுண்டி சபை 1903இல் விலைக்கு வாங்கி, உழுநிலமாயிருந்த பகுதிகளில் மீண்டும் மரம் வளர்க்கலாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் வெளிகளோடு விளைநிலத்தையும் காக்கும் திட்டம் தோன்றியது. 1934இல் இலண்டன் கவுண்டி சபையில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. ஹேபேட் மொறிசன் தலைமையில் அச்சபை 1935இல் ஒரு திட்டத்தை அறிவித்தது. நகரைச் சூழ்ந்த நிலங்களை வாங்க முன்வரும் உள்ளூராட்சிச் சபைகளுக்கு, செலவிற் பாதிவரை உதவுவதற்காக 20 இலட்சம் பவுண் ஒதுக்கப்பட்டது. அவ்வாறு வாங்கப்பட்டவற்றுட் பல கமங்கள். அவை பூங்காவாக்கப்படாமல், குத்தகைக் கமக்காரரின் கையிலேயே விடப்பட்டன. 1938ஆம் ஆண்டின் பசும்வளையச் சட்டம் அமைச்சரின் சம்மதமின்றி அந்நிலங்களை விற்கவோ, அவற்றிற் கட்டடம் எழுப்பவோ தடை விதித்தது. 1947இல் தொழிற்கட்சி அரசாங்கம் இன்னும் ஒருபடி சென்றது. நிலத்தை வாங்காமலே, அதிற் கட்டடம் எழுப்பும் உரிமையை அரசுடைமையாக்கி, இழப்பீட்டுக்கென 300 மில்லியன் பவுண் நிதியை வகுத்தது.

தனியுடைமை வழிபாடு மிகுந்த அமெரிக்காவில் இவ்வாறு சட்டத்தால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆகவே அங்கு அவ்வுரிமையை ஒவ்வொரு கமத்திலும் விலைக்கு வாங்கும் முறை தோன்றியது. 1967இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகர மக்கள், திறந்த வெளிகளை வாங்குவதற்காகத் தம்மீது தாமே ஒரு விற்பனை வரியை வாக்களித்து விதித்துக்கொண்டனர். 1974இல் நியூயோர்க் மாநிலத்தின் சபொக் கவுண்டி, கமக்காரரிடமிருந்து கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் வாங்கும் திட்டத்தை ஏற்றது. நிலம் கமக்காரனுடையது, அவன் உழலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். ஆனால் அதில் எவரும் மனை பிரிக்க முடியாது. கிழங்கு விளையும் நிலத்தின் பெறுமதிக்கும் மாளிகை மனையின் பெறுமதிக்கும் உள்ள வேறுபாட்டை மக்கள் ஈடுசெய்தனர். இது செலவு மிக்க வழியாயினும், பொதுநன்மையின் சுமையை உழவன் ஒருவன் தலையில் மட்டும் ஏற்றாத வழியாகும்.

இங்கிலாந்தின் ஆளும் வர்க்கம் தன் நாட்டில் வேலியடைத்த அதே காலத்திலே நம் நாட்டில் செய்தது என்ன? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியிருப்பற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் யாவும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன எனக் கொண்டது. கண்டிப் பிரதேசத்தில் கிராமத்தவர் சேனை செய்தும் மாடு மேய்த்தும் விறகெடுத்தும் வாழ்ந்த நிலங்கள், எழுத்தில் உறுதி இல்லை என்ற காரணத்தால் அவர்களுடையவையல்ல ஆயின. அந்நிலம் ஏக்கர் 5 ஷில்லிங் என்ற தொடக்க விலையில் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. வாங்கியோருள் ஆட்சி அலுவலர்களும் இருந்தனர். அந்நிலத்தைத் திருத்தத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்கள் பெருந்தொகையினர், இன்றும் தாம் வாழும் நிலத்துக்கு உரித்தற்றவர்களாகவே உள்ளனர். லவுட்டனில் ஒரு வில்லிங்கேலின் வழக்கத்தை ஏற்க நேர்ந்த அதே சட்ட மரபு, கண்டியக் கிராமத்தவனின் வழக்கத்தை ஏற்க மறுத்தது.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரச காணியிலிருந்து கிராம விஸ்தரிப்பு, கிராமக் காடு, கிராம மேய்ச்சற்றரை ஆகியவற்றுக்கு நிலம் குறித்தொதுக்க வழி செய்தது. சட்டத்தில் உள்ள இச்சொற்கள் எத்தனை கிராமங்களில் நிலமாயின என்பதே வினா. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளில் பிறர் அத்துமீறிப் பயிரிடுவதை எதிர்த்துக் கால்நடைப் பண்ணையாளர்கள் 2023 செப்தெம்பரில் தொடர்போராட்டத்தில் இறங்கினர். தலைமுறையாக மேய்த்து வந்த வழக்கத்தையே அவர்களும் சான்றாகக் காட்டினர். கொழும்பை எடுத்துக்கொண்டால், தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்யவென 1968இல் அரச நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. சதுப்பும் வயலும் நிரப்பப்பட்டன. 2010 நவம்பரில் பாராளுமன்றச் சுற்றாடலையே வெள்ளம் சூழ்ந்தது. பின்னர் எஞ்சிய ஈரநிலங்களைக் காக்க உலக வங்கியின் கடன் நாடப்பட்டது. நிரப்பவும் பொதுப் பணம், நிரப்பாது காக்கவும் பொதுப் பணம்!

நெல்வயலைப் பொறுத்தவரை நமது சட்டம் கண்டிப்பானது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, ஆணையாளர் நாயகத்தின் அனுமதியின்றி வயலை நிரப்புதல் குற்றம். இத்தடை வேண்டியதே. வயல் என்பது ஒருவரின் சொத்து மாத்திரமன்று. மழைநீரைத் தாங்கி ஊரைக் காக்கும் பொதுச் செல்வமும் ஆகும். ஆனால் விதைநெல்லும் பசளையும் கூலியும் விலையேற, விளைந்த நெல் விலைபோகாது தவிக்கும் கமக்காரனிடம், நீ இதை நிரப்பாதே என்று மட்டும் சொல்வது போதுமா? அயலில் மனை விற்றவன் செல்வனாகிறான். வயலைக் காத்தவன் கடனாளியாகிறான். அவன் காத்து வைத்த வெள்ளத் தடுப்பின் பயனையும், பசுமையால் உயரும் மனை விலையின் இலாபத்தையும் நகரத்தார் அனுபவிக்கின்றனர். ஆதலின் அவ்விலாபத்தில் ஒரு பங்கை வரியாகப் பெற்று, வயலைக் காப்பவனுக்குச் சேர்ப்பிப்பதே நீதியாகும். எப்பிங் காட்டுக்கு ஏழையின் பாணில் வரி விதித்த தவறு இங்கு நிகழலாகாது.

எப்பிங்கின் வரலாறு தரும் படிப்பினை இதுவே. வெளியைக் காக்கும் முதற் காவல் அதில் உழைத்து வாழ்வோரின் உரிமை. அவ்வுரிமை சட்டத்தில் எழுதப்பட்டும் நடைமுறையில் மதிக்கப்பட்டும் நிற்குமானால், பொதுப் பணம் சிறிதளவே போதும். அதை அழியவிட்டு, பின்னர்த் திறைசேரியைத் திறப்பது, களவு போன பொருளைக் கள்வனிடமே விலை கொடுத்து வாங்குவதாகும். மண்டபம் கட்டிக் கொடுத்து உழைப்பாளியை வெளியேற்றும் பாதுகாப்பு, செல்வர் உலாவும் சோலையைத் தரலாம்; உணவு தரும் நிலத்தைத் தராது. நமது தரவைகளும் வயல்களும் குளக்கரைகளும் இன்னும் முற்றாகக் கைவிட்டுப் போகவில்லை. அவற்றை அளந்து, எல்லையிட்டு, ஊராரின் உரிமையைப் பதிவு செய்யும் பணியைக் கிராமச் சங்கங்களும் உள்ளூராட்சிச் சபைகளும் இப்பொழுதே மேற்கொள்ள வேண்டும். வேலி நாட்டப்பட்ட பின் அதனைப் பிடுங்குவதற்கு எத்தனை சிறைவாசமும் எத்தனை ஆண்டு வழக்கும் வேண்டியிருந்தன என்பதை லவுட்டன் மக்கள் நமக்காக அனுபவித்துக் காட்டிவிட்டனர்.